மிர்சா அகாவின் நான்கு விரல்கள்

ஷோல்பனுக்குக் கோபம் வந்தால் தேநீரில் பால் ஊற்ற மறந்துவிடுவாள். அந்த ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கணவன் ஜந்தோஸ் கறுப்புத் தேநீரை மூன்றாவது கிண்ணமாகக் குடித்துக்கொண்டிருந்தான். பால் எங்கே என்று கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை.

"கிளப்பை விட்டே போன்னு சொல்லிடலையே. ரெண்டு கூட்டத்துக்குப் புதுசா வர்றவங்களோட ஓட்டுன்னுதானே சொன்னாங்க" என்றான்.

"இருபது வருஷமா இந்த ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் குடுக்கறவ நான். என்னைக் கொண்டுபோயி கத்துக்குட்டிங்களோட நிறுத்தறாங்க. நீ என்னமோ மெடல் குடுத்த மாதிரி சொல்ற."

"அண்ணன்கிட்ட நான் பேசிப் பார்க்கறேன்."

"உன் அண்ணன்கிட்ட நீ பேசி நான் பார்த்ததே இல்ல."

ஜந்தோஸ் நாலாவது கிண்ணத்துக்குக் கையை நீட்டினான்.

நடந்தது இதுதான். அல்மாத்தி நகரத்திலிருந்து ஏரிக்குப் போகிற சாலையில், வெட்டவெளிப் புல்வெளிக்கு நடுவே போஸ்தாவ் ஓட்டப்பாதை இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, கிளப்காரர்கள் சொந்தக் கார்களைக் கொண்டுவந்து அதில் ஆசை தீரப் பறப்பார்கள். அது பந்தயம் இல்லை. யாருக்கும் கோப்பை கிடையாது. முன்னால் போகிற காரைத் தாண்டுவதானால் நேர்ப்பாதையில் மட்டும்தான் தாண்டலாம். அதுவும் முன்னால் போகிறவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, "இந்தப் பக்கம் வா" என்று காட்டினால்தான். கை காட்டாமல் தாண்டினால் அது பெரிய குற்றம். ஒரு தடவை செய்தால் புதியவர்களோடு சேர்ப்பார்கள். இன்னொரு தடவை செய்தால் கிளப்பிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள், ஆயுசுக்கும்.

ஷோல்பன் அன்றைக்குத் தாண்டியது தன் மூத்தாரை. அதாவது ஜந்தோஸின் அண்ணனை. அவர் கை காட்டினார், இவள் தாண்டினாள். அவர் காட்டுகிற விதமே தனி. மற்றவர்களைப் போல முழுக்கையை நீட்ட மாட்டார். மணிக்கட்டை ஜன்னலில் வைத்துக்கொண்டு, சிகரெட் சாம்பலைத் தட்டுவதுபோல நான்கு விரல்களை ஒரு சுண்டு சுண்டுவார். பின்னால் வருகிறவன்மேல் அவ்வளவுதான் மரியாதை. அந்தச் சுண்டலைப் பார்த்துத்தான் இவள் இடப்பக்கமாக ஏறிப் போனாள். போகும்போது நன்றிக்குக் கையையும் உயர்த்தினாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, வண்டிகள் உள்ளே வருகிறவரைக்கும். வந்ததும் அடுப்பில் சுட்ட இறைச்சிச் சம்சா தின்றுகொண்டிருந்த ஆண்கள் சும்மா இருக்கவில்லை.

"அகா, உங்க வீட்டு மருமக உங்களைத் தூசி தின்ன வெச்சுட்டாளே! இனிமே விருந்துல முதல் இடத்துல உக்காரப் போறது நீங்களா, அவளா?"

மூத்தாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்கடா கை காட்டினேன்? அவளா பூந்து போனா."

முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தை. ஆனால் பாதைப் பொறுப்பாளர் வதீம் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்த வார்த்தையை மூத்தாரால் திரும்ப விழுங்க முடியவில்லை. விழுங்க மனமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வதீம் ஷோல்பனைக் கேட்டார். இவள் என்ன சொல்வாள்? புருஷனுடைய அண்ணனைப் பார்த்து, நாலு பேர் நடுவில், பொய் சொல்கிறாய் என்று ஒரு கெலின் சொல்லுவாளா? வீட்டுக்கு வந்த மருமகளைத்தான் அங்கே கெலின் என்பார்கள். கெலின் என்றால் மூத்தவர் நடந்து வருகிறபோது அவர் முன்னால் குறுக்கே போகக் கூடாது. பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். மூத்தவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது. வந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு மரியாதைப் பெயர் வைத்து, சாகிறவரை அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். கல்யாணத்தன்று பெண்ணழைக்கத் தன் புது வெள்ளைக் காரைக் கொடுத்தவர் இந்த மூத்தார். வாடகை வண்டியில் வந்து இறங்கவேண்டியவளை ராணி மாதிரி இறக்கினார். அந்தச் சந்தோஷத்தில் ஷோல்பன் அவருக்கு வைத்த பெயர் மிர்சா அகா. பெருந்தன்மைக்கார அண்ணன் என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"மிர்சா அகா கை காட்டினாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கிளப்பைத் தொடங்கியவர்களில் மிர்சா அகாவும் ஒருவர். தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்?

இப்போது அவள் பால் இல்லாத தேநீரைத் தானும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்: "நீ பாதை ஓரத்துலதானே நின்ன. அவர் கையை நீ பார்த்தியா, இல்லியா?"

"நான் அப்ப டயருக்குக் காத்து பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றான் ஜந்தோஸ். சொல்லும்போது காது மடலை இழுத்து விட்டுக்கொண்டான். பொய் சொல்லும்போது மட்டும்தான் அவன் கை காதுக்குப் போகும். ஷோல்பனுக்கு அது கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே தெரியும்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். ஆனால் சொந்தப் புருஷனே காது மடலை இழுக்கிற வீட்டில், ஒருவர் கை காட்டினார் என்று நிரூபிக்கக் கேமராதான் வேண்டியிருந்தது.

*

கார் சந்தையில் லரீசா கிம்முக்கு ஒரு கடை இருக்கிறது. ரேடியோ, ஒலிபெருக்கி, கேமரா என்று காருக்குள் மாட்டுகிற சமாச்சாரம் எல்லாம் விற்பாள். ஷோல்பனிடம் கார் ஓட்டக் கற்று, மூன்று தடவை பரீட்சையில் தோற்று, நாலாவது தடவை தேறிய நாளிலிருந்து இருவரும் உயிர்ச் சிநேகிதிகள். சின்னதாக ஒரு கார் வைத்துக்கொண்டு அவளும் போஸ்தாவுக்கு வருவாள்.

"என்ன வேணும்னு சொல்லு. மலை தெரியணுமா, ரோடு தெரியணுமா, உன் அழகு மூஞ்சி தெரியணுமா?"

"முப்பது மீட்டர் முன்னாடி போற காருல இருந்து ஒரு மனுஷன் நாலு விரலைச் சுண்டுவாரு. அது தெரியணும்."

லரீசா விஷயத்தை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். "அதுக்குக் கேமரா எதுக்குடி? ஒரு மாமியாரைப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சா போதாது?"

"அந்த மாமியாரு அவரைப் பெத்தவங்கடி. சாட்சி அந்தப் பக்கம் போயிடும்."

லரீசா முதலில் எடுத்து வைத்தது பளபளவென்று இருந்தது. எல்லோரும் வாங்கிப் போவது இதுதான் என்றாள். ஷோல்பன் கடை வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லரீசா சந்தின் கோடிக்கு ஓடி, சம்சா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, மிர்சா அகாவைப் போலவே மீசை முறுக்கி, விரலைச் சுண்டிக் காட்டிவிட்டு வந்தாள். திரையில் சந்து முழுவதும் விழுந்திருந்தது. இரண்டு பக்கக் கடைகள், தகரக் கூரைகள், மேலே வானம், கீழே ஷோல்பனின் செருப்பு நுனிகூட. லரீசா மட்டும் அரிசி மணி அளவுக்கு இருந்தாள். அரிசிக்கு ஏது விரல்?

"அகலமா எடுக்கும்டி. அதான் இதோட பெருமை."

"ஊரையே எடுக்குது. எனக்கு ஊரு வேணாம், ஒரு ஆளு போதும்."

இரண்டாவது கேமரா படம் ஆடாமல் எடுக்கும் என்றாள். ஷோல்பன் அதைக் கையில் வைத்து உலுக்கியபோது படம் குத்துக்கல் மாதிரி நின்றது. லரீசாவின் முகத்தில் வியாபாரக் களை வந்தது. ஆனால் ஷோல்பன் கடைக்காரர்கள் சொல்வதை நம்புகிற ரகம் இல்லை. அதை லரீசாவின் வண்டிக்குள் பொருத்திச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற குண்டும் குழியுமான தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். தெரு அசையாமல் நின்றது. காரின் உள்பக்கம் முழுவதும் குடித்தவன் வீடுபோல ஆடியது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்றே புரியவில்லை. போதாக்குறைக்குக் காருக்குள்ளே இருக்கிற இருட்டைப் பார்த்து அது படத்தை வெளிச்சமாக்கப் போய், முன்கண்ணாடிக்கு வெளியே எல்லாம் பால் கொட்டியதுபோல வெளுத்துவிட்டது.

"இதைக் காட்டினா வதீம், பனி பெஞ்ச நாள்ல ஓட்டினியான்னு கேப்பாரு" என்றாள் ஷோல்பன்.

கடைசியாக லரீசா அடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். பழைய மாதிரி, குண்டாக, செங்கல்போல இருந்தது. யாரும் சீண்டுவதில்லை என்றாள். ஆனால் அதில் பார்வையைக் குறுக்கிக்கொள்ளலாம். வெளி வெளிச்சத்துக்குத் தகுந்தபடி நிறுத்திவைத்து, அதுவாக மாற்றாமல் பூட்டிவிடலாம். ஆட்டம் நிறுத்துகிற வித்தையை அணைத்துவிடலாம். காரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வெயிலில் சூடேறி நடுவில் படுத்துவிடாது.

ஷோல்பன் அதைச் சந்தின் கோடிக்குத் திருப்பினாள். இந்தத் தடவை லரீசா போகவேண்டி இருக்கவில்லை. இவ்வளவு நேரமாகத் தன் பக்கமே ஏதோ சைகை நடக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்த சம்சாக்காரர், எத்தனை வேண்டும் என்று கையைத் தூக்கி விரித்துக் கேட்டார். திரையில் அவருடைய ஐந்து விரல்களும் எண்ணுகிற மாதிரி இருந்தன. கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த மாவுகூடத் தெரிந்தது.

"இதான்" என்றாள் ஷோல்பன்.

அவள் தலையாட்டியதைச் சம்சாக்காரர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தையும் பொட்டலம் கட்டிவிட்டார். இருவரும் நின்றுகொண்டே தின்று தீர்த்தார்கள்.

*

பொருள் நல்லதாக இருந்தால் போதுமா? வைக்கிற இடத்தில் வைக்க வேண்டும். அங்கேதான் ஷோல்பன் சறுக்கினாள்.

அவளுடைய கார் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம். ஊரில் பாதிக் கார்கள் அப்படித்தான், மீதி இடப்பக்கம். அவளுக்கு வலப்பக்கம்தான் சௌகரியம். ஓட்டுநர் பள்ளிக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், கற்றுக்கொடுக்கிறவள் உட்காருவது வலது இருக்கையில். கால் அடியில் தனியாக ஒரு பிரேக் மட்டும் இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. இருபது வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் வளைப்பதைப் பார்த்தவள். சொந்தமாக ஒரு கார் வாங்கியபோது, அதே வலது இருக்கைக்கு முன்னால் ஒரு ஸ்டியரிங்கும் இருக்கட்டுமே என்று பிடிவாதமாகத் தேடி வாங்கினாள்.

கேமராவை எங்கே மாட்டுவது என்று இணையத்தில் பார்த்தாள். ஓட்டுநரின் வலது தோளுக்குப் பின்னால், கார் உருண்டால் ஆளைக் காக்க உள்ளே போட்டிருக்கிற கூண்டுக் கம்பியில் மாட்டு, கையும் தெரியும் பாதையும் தெரியும் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். இவளும் அட்சரம் பிசகாமல் தன் வலது தோளுக்குப் பின்னால் மாட்டினாள். மே மாதக் கூட்டத்தில் கத்துக்குட்டிகளோடு, முன்னால் லரீசாவை ஓடவிட்டு, நேர்ப்பாதையில் கை காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சமையலறையில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். படத்தில் முக்கால்வாசி ஷோல்பனின் ஹெல்மெட். மீதியில் கதவு, ஜன்னல் கம்பி, ஓரத்துப் புல். லரீசாவின் கார் ஹெல்மெட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, வளைவுகளில் மட்டும் எட்டிப் பார்த்தது.

லரீசா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அடியே, அந்த வீடியோ போடறவன் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்காரன்! அவனுக்கு வலது தோளுன்னா அது காரோட நடு. உனக்கு வலது தோளுன்னா அது கதவு. இருபது வருஷம் ஊருக்கே பாடம் எடுத்த வாத்தியாரம்மா, இதுல கோட்டை விட்டியே!"

ஷோல்பனுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஜந்தோஸ் வேறு, வேடிக்கையாக இருக்கிறதே என்று அந்த வீடியோவைக் கிளப்காரர்களின் குழுவுக்கு அனுப்பிவிட்டான். ஐந்து நிமிடத்தில் சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. மிர்சா அகாவும் எழுதியிருந்தார்: "நம்ம கெலின் ஹெல்மெட் கடை விளம்பரம் எடுத்திருக்கா."

"அனுப்பறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்னு தோணலையா?" என்று அவள் கத்தினாள்.

மறுநாள் காலையில் கோபம் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. மிர்சா அகா எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். தேநீரில் பாலும் ஊற்றினாள்.

"இனிமே எதையும் யாருக்கும் அனுப்பாதே. நான் கேமராவை மாத்தி வெக்கப் போறேன்னு மூச்சு விடாதே" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் காருக்குள்ளேயே கிடந்தாள். கூண்டின் குறுக்குக் கம்பியில், இரண்டு இருக்கைக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி இடம் பார்த்தாள். ரப்பர் உறிஞ்சி வைத்துக் கண்ணாடியில் ஒட்டலாம் என்று ஜந்தோஸ் சொன்னான். வெயிலில் சூடேறினால் அது பிடி விட்டுவிடும், விட்டால் முதல் வளைவில் மண்டையில்தான் விழும் என்று அவள் மறுத்துவிட்டாள். பழைய டயர் டியூபை வெட்டிக் கம்பியைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் இரண்டு போல்ட் போட்ட பிடியை வைத்து முறுக்கினாள். போல்ட் போனாலும் கேமரா போகக் கூடாது என்று மெல்லிய எஃகுக் கம்பியால் இன்னொரு கட்டு. மாமியார் உள்கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டிருந்த தோல் தாயத்து படத்தில் குறுக்கே ஊசலாடியது. அதைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் சட்டைப் பைக்குள் போட்டாள். மூக்குப்பொடி அளவு தூசி இருந்தாலும் காட்டுகிற முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தாள். பிறகு ஜந்தோஸை வீட்டு முன்னால் தெருக்கோடியில் நிறுத்தி விரலைச் சுண்டச் சொன்னாள்.

"அண்ணன் மாதிரியா?" என்று அவன் கேட்டான்.

"வேற யாரு மாதிரி?"

அவன் அச்சு அசலாகச் சுண்டினான். மணிக்கட்டு அசையாமல், நாலு விரல் மட்டும். பார்க்காதவனுக்கு இவ்வளவு சரியாக எப்படி வரும்? ஷோல்பன் காருக்குள் குனிந்து போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கினாள்.

*

ஜூலைக் கூட்டத்தன்று காற்றே இல்லை. மே, ஜூன் என்று இரண்டு கூட்டத் தண்டனையும் முடிந்து அவள் பழைய குழுவுக்குத் திரும்பியிருந்தாள். அதே குழுவில்தான் மிர்சா அகாவும் ஓடினார்.

வரும் வழியெல்லாம் ஜந்தோஸ் கெஞ்சிக்கொண்டே வந்தான். "அண்ணன் முன்னாடி போனா பின்னாடியே போயேன். என்ன குறைஞ்சிடும்? இன்னொரு புகார் வந்தா அவ்வளவுதான், அப்புறம் பாதைக்குள்ளயே கால் வெக்க முடியாது."

"பத்தொன்பது வருஷமா பின்னாடிதான் போறேன். வீட்டுல போறேன், விருந்துல போறேன், தெருவுல போறேன். இந்த ஒரு இடத்துலதான் யாரு வேகமோ அவங்க முன்னாடி. அதையும் விட்டுக் குடுன்னா எப்படி?"

வதீம் ஒவ்வொரு காராகச் சோதித்துக்கொண்டு வந்தார். ஷோல்பனின் கேமராவைப் பிடித்து இழுத்தார், திருகினார், முழு பலத்தோடு தொங்கினார். கூண்டுதான் முனகியது, கேமரா அசையவில்லை. "என் பல்லைக்கூட இப்படி யாராவது கட்டிவிட்டா நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிர்சா அகா தன் ஜெர்மன் காரில் சாய்ந்துகொண்டு பழுப்புத் தோல் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மீசைக்கு அடியில் சிரித்தார்.

"என்ன கெலின், இன்னைக்கும் உன் தலையைத்தான் படம் எடுக்கப் போறியா?"

"ஆமா, மிர்சா அகா" என்றாள் ஷோல்பன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. வழக்கப்படி அவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு தன் காருக்குப் போனாள்.

மூன்றாவது சுற்றில் அவரை எட்டிப் பிடித்தாள். ஏரிப்பக்க வளைவில் அவர் சீக்கிரமே பிரேக்கை மிதித்துவிடுவார், வயசு. வளைவுக்கு வளைவு அவருடைய காரின் பின்விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. முதல் தடவை நேர்ப்பாதை வந்தபோது ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. ஷோல்பன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனாள்.

அடுத்த தடவை நேர்ப்பாதை வந்தது. அவருடைய மணிக்கட்டு ஜன்னல் விளிம்புக்கு வந்தது. பழுப்புக் கையுறை. நாலு விரல்கள். ஒரு சுண்டு.

தாண்டலாமா? கேமரா ஓடுகிறதா? போல்ட் நிற்கிறதா? தூசி படிந்திருந்தால்? இதோ கை காட்டுகிற இவரே இன்னும் பத்து நிமிடத்தில் இல்லை என்று சாதிப்பார் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை சாதித்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் பயந்து பின்னாலேயே போனால் கேமராவே இல்லாமல் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அதை நினைத்ததும் அவள் கால் தானாகவே கீழே இறங்கியது. இடப்பக்கம் ஏறினாள். அவரோடு சமமாக வந்தபோது இடது கையை நன்றாக உயர்த்தி நன்றி சொன்னாள். பிறகு அவள் முன்னால் வெறும் பாதை மட்டும் இருந்தது.

*

அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மிர்சா அகா வதீமின் கூடாரத்துக்குப் போய்விட்டிருந்தார். குரல் வெளியே கேட்டது.

"ரெண்டாவது தடவை! என் தம்பி பொண்டாட்டின்னு பார்த்தா முடியுமா? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. நான் கையை ஸ்டியரிங்ல இருந்து எடுக்கவே இல்ல."

தம்பி மனைவியைக்கூட விட்டுக்கொடுக்காத நியாயவான்! கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

ஷோல்பன் கேமராவை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து வதீமின் மேஜைமேல் வைத்தாள். "இதைப் போட்டுப் பாருங்க" என்றாள்.

"ஹெல்மெட் விளம்பரமா?" என்றார் மிர்சா அகா. ஆண்கள் சிரித்தார்கள்.

வதீம் தன் கணினியில் இணைத்து ஓடவிட்டார். ஹெல்மெட் இல்லை. ஓரத்தில் அவளுடைய இரண்டு கைகள் ஸ்டியரிங்கில், நடுவில் பாதை, பாதையில் மிர்சா அகாவின் கார். எண் பலகையின் எழுத்துகள்கூடப் படிக்கிற மாதிரி இருந்தன. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. நேர்ப்பாதை வந்தது. ஜன்னல் விளிம்பில் பழுப்புக் கையுறை வந்து அமர்ந்தது. நான்கு விரல்களும் சுண்டின. சுண்டிய கையோடு கார் மரியாதையாக வலப்பக்கம் ஒதுங்கி வழிகூட விட்டது.

வதீம் பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டார். மறுபடி சுண்டின.

"ஈ ஓட்டினேன்" என்றார் மிர்சா அகா.

"அந்த வேகத்துலயா? பாவம் அந்த ஈ, எவ்வளவு தூரம் கூடவே பறந்து வந்துச்சோ!" என்றாள் லரீசா.

யாரும் சிரிக்கவில்லை. அது சிரிக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஆனால் சோறு தட்டில் இருக்கிறவரைக்கும்தான்.

கூடாரத்து வாசலில் நின்ற ஜந்தோஸ் தொண்டையைச் செருமினான். ஷோல்பன் அவன் கையைப் பார்த்தாள். அது காதுப் பக்கம் போகவில்லை.

"ஏப்ரல்லயும் ஈதானா அண்ணா?" என்றான். "அன்னைக்கும் இதே கைதான். நான் பாதை ஓரத்துல நின்னு பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்."

மிர்சா அகா தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷோல்பன் பக்கம் வந்து, விருந்தில் இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்துக்கொள் என்று சொல்லுகிற அதே மெல்லிய குரலில் பேசினார்.

"போதும் கெலின். வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும். அதை அழிச்சிடு. வதீம்கிட்ட நானே சொல்லி உன் பேருல ஒரு கறையும் இல்லாம பண்ணிடறேன். நான் மூத்தவன். ஊரு முன்னாடி என்னை நிக்க வெக்காத."

அந்தக் குரல் அவளை ஒரு நிமிடம் அசைத்ததுதான். கதவைத் திறந்துவிட்டு, ஏறிக்கோ பொண்ணே என்று வெள்ளைக் காருக்குள் ஏற்றிவைத்த குரல் அது. அந்த மனிதரை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும். அதனால்தான் இத்தனை வலித்தது.

"அழிக்க மாட்டேன்" என்றாள்.

"கெலின்!"

"கல்யாணத்தன்னைக்கு உங்க காரைக் குடுத்து என்னை ஏத்திக்கிட்டு வந்தீங்க. அதுக்காகத்தான் மிர்சா அகான்னு பேரு வெச்சேன். நான் வெச்ச பேருதானே, நானே திரும்ப எடுத்துக்கறேன்." கண்ணைத் தாழ்த்தாமல் அவரைப் பார்த்தாள். "இனிமே கை காட்டினா காட்டினேன்னு சொல்லுங்க, தோலெகென் அண்ணா."

பத்தொன்பது வருஷத்தில் அவருடைய சொந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சம்சாவைக் கடிக்கப் போனவன் கடிக்காமல் நின்றான். தோலெகெனின் கையுறை மாட்டிய கை மீசைப் பக்கம் போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

வெளியே அடுத்த சுற்றுக்கு மணி அடித்தது. "ஷோல்பன், உங்க குழுதான். தோலெகென், நீங்க ரெண்டு கூட்டத்துக்குப் புதியவங்களோட" என்றார் வதீம், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவளுடைய கார் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. நடுவில் தோலெகென் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுற்றிப் போகத் தாராளமாக இடம் இருந்தது. ஷோல்பன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். அவருக்கு நேர் முன்னால், குறுக்காக நடந்து, தன் காருக்குப் போனாள்.